மாமன் மடியில் இரட்டைச் சடை

சென்ற தீபாவளிக்கு முந்தைய வாரம், நான் முன்பு வேலை பார்த்த பார்லரில் இப்போது இருக்கும் பெண்கள் என் போனுக்கு ஒரு வீடியோ அனுப்பினார்கள். பெண் குழந்தைகளுக்கு ஐந்தே நிமிடத்தில் பண்டிகைத் தலை அலங்காரம் என்று தலைப்பு. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பின்னலில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் குழந்தை வீடியோ முடிகிற வரைக்கும் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. ஒரே ஒரு நாளைத் தவிர, என் வேலைக்காலம் முழுவதிலும் அப்படி ஒரு குழந்தை என் கைக்குக் கிடைத்ததே இல்லை. நிஜக் குழந்தைக்குத் தும்மல் வரும், ஒண்ணுக்கு வரும், தெருவில் ஐஸ்காரர் மணி அடித்தால் தலை தன்னால் திரும்பும்.

இதைச் சொன்னதும் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். "அப்பொ நீங்க எப்படித்தானுங்க்கா சமாளிச்சீங்க? சொல்லுங்க, நாங்களும் கத்துக்கறோம்" என்றார்கள். போனில் பேசினால் நான் பாதியில் வேறெங்காவது போய்விடுவேன். அதனால் எழுதியே கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் தொழில் கற்றது பெரிய கதை இல்லை. பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டேன். தையல் கற்றுக்கொள்ளட்டும் என்று வீட்டில் அனுப்பினார்கள். தையல் வகுப்புக்குப் பக்கத்து அறையில் அழகுக்கலை வகுப்பு நடந்தது. அங்கே சிரிப்புச் சத்தம் அதிகமாகக் கேட்டதால் அங்கே போய் உட்கார்ந்துகொண்டேன். புருவம் திருத்தவும் மணப்பெண்ணுக்குக் கொண்டை போடவும் சொல்லிக்கொடுத்தார்கள். குழந்தைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதெல்லாம் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சிங்காநல்லூரில் லூர்து அக்காவிடம் வேலைக்குச் சேர்ந்த பிறகு கற்றதுதான்.

பார்லர் என்றால் இப்போது இருப்பதுபோல் நினைத்துவிடாதீர்கள். ஒரு மளிகைக் கடைக்கு மேலே மாடியில் ஒரே அறை. ஒரு பெரிய கண்ணாடி, இரண்டு நாற்காலி, கதவுக்குப் பூப்போட்ட திரை. அந்தக் காலத்தில் குடும்பப் பெண்கள் பார்லர் படி ஏறத் தயங்குவார்கள். யாராவது பார்த்துவிட்டால் என்ன நினைப்பார்களோ என்று ஒரு கூச்சம். அதனால் நோம்பி நொடி, பண்டிகை என்று வந்தால் குழந்தையை முன்னால் விட்டுக்கொண்டு வருவார்கள். "பாப்பாவுக்குத்தானுங்க" என்று வாசலிலேயே சொல்லிவிடுவார்கள். பாப்பாவுக்குப் பின்னி முடித்ததும் குரலைத் தாழ்த்தி, "இந்தப் புருவத்தை மட்டும் சித்தப் பாக்கறீங்களா" என்பார்கள். எங்கள் பார்லர் ஓடியதே குழந்தைகளின் தலையால்தான் என்று லூர்து அக்கா சொல்லிச் சிரிப்பார்.

லூர்து அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல உயரம். வெளுத்த காட்டன் சேலை, கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை. அதிர்ந்து பேச மாட்டார். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். எங்களுக்கு அதுதான் பயம். பெரியவர்கள் வந்தால் நாற்காலியைக் காட்டுவார். குழந்தை வந்தால் அவரே மணைக்கட்டையில் உட்கார்ந்துவிடுவார். குழந்தையின் முகத்துக்கு நேராகத் தன் முகம் வந்த பிறகுதான் பேச்சு. "கண்ணு, உன்ற பேரென்ன? உன்ற தலையை நான் தொடலாமா?" என்று கேட்பார். ஒரு சில வாண்டுகள் "கூடாது" என்று சொல்லிவிடும். சொன்னால் தொட மாட்டார். அது தானாக வந்து பின்பக்கத்தைக் காட்டும் வரைக்கும் ரிப்பனை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்குப் பொறுமையே போய்விடும். படியில் கூட்டம் நிற்கும். அவர் அசைய மாட்டார்.

சேர்ந்த புதிதில் நான் ஒரு பிள்ளைக்கு இரட்டைச் சடை போட்டேன். மாலை வரைக்கும் கலையக் கூடாது என்று இழுத்து இறுக்கிப் பின்னிவிட்டேன். பார்க்க அச்சில் வார்த்ததுபோல் இருந்தது. அந்தப் பிள்ளை போன பிறகு லூர்து அக்கா என்னை உட்காரவைத்து எனக்கும் அதே இறுக்கத்தில் இரண்டு சடை பின்னிவிட்டு, "சாயங்காலம் வரைக்கும் இப்படியே இரு" என்றார். மத்தியானத்துக்குள் நெற்றிப்பொட்டு இரண்டும் விண்விண் என்று தெறித்தது. சோறு மெல்ல முடியவில்லை. மாலையில் அவிழ்த்துவிட்டு, "அதும் இப்படித்தானே நோம்பி கொண்டாடியிருக்கும்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு நான் எந்தக் குழந்தைக்கும், பின்னலின் அடியில் என் சுண்டுவிரல் நுழையாமல் ரிப்பன் கட்டியது இல்லை.

அவரிடம் கற்ற மற்றதையும் சொல்லிவிடுகிறேன். சீப்பை எப்போதும் நுனியில் இருந்துதான் போட வேண்டும். இடது கையால் வேரைப் பிடித்துக்கொண்டு வலது கையால் வாரினால் குழந்தைக்கு வலி தெரியாது. நோம்பி அன்று காலையில் தலைக்கு ஊற்றக் கூடாது, முதல் நாளே ஊற்றிவிட வேண்டும். அன்றைக்கு ஊற்றின முடி வழுக்கும், ஹேர்பின் நிற்காது. ஒரு கிறிஸ்துமஸுக்கு மாதா கோயில் நாடகத்தில் தேவதை வேஷம் போட்ட குட்டிகள் எல்லாம் காலையில் ஷாம்பூ போட்டுக் குளித்துவிட்டு வந்து நின்றார்கள். ஜிகினா கிரீடம் ஒருத்தி தலையிலும் நிற்கவில்லை. காதுக்குமேல் சின்னச் சின்னப் பின்னலாகப் போட்டு அதில் கிரீடத்தை முடிந்துதான் தேவதைகளை அனுப்பினோம். ஈரும் பேனும் இருந்தால் அம்மாவின் காதில் மட்டும் சொல்ல வேண்டும், குழந்தை முன்னால் முகம் சுளிக்கக் கூடாது. கத்திரியை உயரத்தில் ஆணியில் மாட்ட வேண்டும். வேலை முடிந்த மறு நொடி அது ஆணிக்குப் போய்விட வேண்டும். இந்தக் கடைசி விதியில்தான் ஒரு நாள் தவறு நடந்தது. அதுவும் விதி போட்ட லூர்து அக்காவின் கையால்.

மல்லிகா என்று ஒரு பெண். சிங்காநல்லூரில் குடியிருந்தார். வீட்டுக்காரருக்கு ஒரு பட்டறையில் வேலை. பிறந்த ஊர் காங்கேயத்துக்குப் பக்கம். அவருடைய ஒரே மகள் தாரணிக்கு அப்போது ஏழு வயது. அந்தப் பிள்ளைக்கு முடி இடுப்பைத் தாண்டி இருக்கும். பிறந்ததில் இருந்து கத்திரி படாத முடி. அவ்வளவும் குலதெய்வத்துக்கு வேண்டிவிட்டது. அவர்கள் வழக்கப்படி தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, மாமன் தன் கையால் முதல் பிடி முடியை எடுத்துக் கொடுத்த பிறகு மொட்டை அடித்துக் காது குத்த வேண்டும். ஒரு வயதிலேயே நடந்திருக்க வேண்டிய சீர். மாமன் வராததால் நின்றுபோயிருந்தது.

அது ஏன் என்பதை மல்லிகா ஒரு நாள் எங்களிடம் சொல்லியிருந்தார். தாரணி கைக்குழந்தையாக இருக்கும்போது மல்லிகாவின் அப்பா இறந்துவிட்டார். சேதி சிங்காநல்லூருக்கு வந்து சேரவே தாமதம். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்துப் போய் இறங்குவதற்குள் எடுத்துவிட்டார்கள். பொழுது சாயும் முன்னால் எடுத்தாக வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னதை அண்ணன் கேட்டுக்கொண்டுவிட்டார். அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாத ஆத்திரத்தில் மல்லிகா, கூடியிருந்த ஒறம்பரை, சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும், "இன்னியோட எனக்கு அண்ணன் இல்லை" என்று கத்திவிட்டார். அண்ணன் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். அன்றோடு பேச்சு நின்றது.

"எங்கப்பன் பங்காளி வழியில அண்ணன் மொறையாவற வேற ஒருத்தர் மடியில உக்கார வெச்சுச் செஞ்சுபோடலாம்னு எங்கூட்டுக்காரர் சொன்னாருங்க. நான் ஒத்துக்கலீங்க. என்ற அண்ணன் கல்லாட்ட இருக்கறப்ப இன்னொருத்தர் மடி எதுக்குங்க?" என்றார் மல்லிகா. அண்ணன் வரட்டும் என்று முடியை வளர்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு தை மாதம் அண்ணன் ஆள் மூலமாகச் சொல்லி அனுப்பினார், கோயிலுக்கு வந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று. வேறு ஒரு சொல்லும் இல்லை. மல்லிகாவுக்கு அதுவே போதுமாக இருந்தது.

சீருக்கு முதல் நாள் தாரணியை எங்களிடம் கூட்டி வந்தார். முடி போவதற்கு முன்னால் பூ ஜடை தைத்து, ஸ்டூடியோவில் கண்ணாடி முன்னால் நிற்கவைத்து, முகமும் ஜடையும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுக்க வேண்டும். மறுநாள் விடிகாலை கோயிலில் நான் போய் மறுபடியும் ஜடை போட்டுவிட வேண்டும். பூ வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று மல்லிகா கீழே இறங்கிப் போனார். போகும்போது, "கத்திரி மட்டும் பட்டுறக் கூடாதுங்க. பட்டா சாமிக்கு ஆகாது" என்று இன்னொரு தடவை சொன்னார். பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

நான் மூலையில் திரும்பி உட்கார்ந்து வாழைநாரைக் கிழித்துக்கொண்டிருந்தேன். லூர்து அக்கா ரிப்பன் வெட்டிக்கொண்டிருந்தார். ஸ்டூடியோக்காரர் படியில் நின்று கூப்பிட்டார், கரண்ட் போவதற்குள் வரச் சொல்லி. அக்கா கத்திரியை ஸ்டூலில் வைத்துவிட்டுத் திரைக்கு வெளியே போனார். அவ்வளவுதான் நேரம். பின்னால் கிரிச் என்று ஒரு சத்தம் கேட்டது.

திரும்பினேன். தாரணியின் ஒரு கையில் கத்திரி, மறு கையில் ஒரு பிடி முடி. வலது காதுக்குமேல் விரல் நீளத்துக்கு முடி குத்திட்டு நின்றது. "அடிப் பாவி!" என்று கத்தியேவிட்டேன். உள்ளே வந்த லூர்து அக்கா என்னைக் கையமர்த்திவிட்டு மணைக்கட்டையை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார். கத்திரியை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"எதுக்குக் கண்ணு?"

"கத்திரி பட்டா சாமி வேண்டாம்னு சொல்லிருமுங்கல்ல? அப்பொ மொட்டை அடிக்க மாட்டாங்கல்ல?" என்றாள் தாரணி. பள்ளி ஆண்டு விழாவில் அவள் கும்மி ஆடப்போகிறாளாம். ரெண்டாம் வரிசையில் நடுவில் இடம். எல்லாப் பிள்ளைகளுக்கும் இரட்டைச் சடை. மொட்டையாகப் போனால் டீச்சர் நிறுத்திவிடுவார்கள். சொல்லும்போதே உதடு பிதுங்கி அழ ஆரம்பித்துவிட்டாள். மொட்டைக்குச் சம்மதமா என்று யாரும் அவளைக் கேட்கவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பூவோடு மல்லிகா வந்தார். நாங்கள் என்ன சொல்லிச் சமாளிப்பது என்று நான் யோசிப்பதற்குள் லூர்து அக்கா எழுந்து நின்று சொல்லிவிட்டார். "மல்லிகா, தப்பு என்ற மேலதானுங்க. கத்திரியை நாந்தான் கீழ வெச்சேன். புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க."

மல்லிகா அந்தப் பிடி முடியைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "சாமிகிட்டக் கூட நான் உழுந்து கும்புட்டுக்குவனுங்க. என்ற அண்ணனுக்கு நான் என்னன்னு சொல்லுவேன்? அவரு வாரதுக்கு முன்னாலயே நான் கை வெச்சுட்டேன்னு நெனச்சுட்டா? எந்திரிச்சுப் போயிட்டா?" என்று அழுதார். தாரணி அம்மாவின் மடியில் போய்ப் படுத்துக்கொண்டு தானும் அழுதாள்.

லூர்து அக்கா தரையில் சிந்தியிருந்த முடியை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார். நானும் பொறுக்கினேன். "எனக்கு உங்க சாமியப் பத்திச் சொல்ல அருகதை இல்லீங்க. ஆனா வேண்டிக்கிட்ட முடி முழுசும் கோயிலுக்குப் போய்ச் சேந்துரட்டும். ஒரு இழை இங்க தங்க வேண்டாம்" என்றார். அந்தப் பிடியின் வெட்டுப்பட்ட முனையைக் கறுப்பு நூலால் இறுகச் சுற்றி என்னிடம் கொடுத்தார். "சவுரி வெக்கற மாதிரி வெச்சுப் பின்னு. அண்ணன்கிட்டச் சொல்றதும் சொல்லாததும் மல்லிகா இஷ்டம்."

சொல்ல வேண்டாம் என்றார் மல்லிகா. கோயிலில் நானே ஜடையை அவிழ்த்து, அந்தப் பிடியை யாருக்கும் தெரியாமல் தட்டில் சேர்த்துவிடுவது என்று முடிவாயிற்று. எனக்கு மனது ஒப்பவில்லை. ஆனாலும் சரி என்றேன். போட்டோ எடுக்க அன்று யாருக்கும் தெம்பில்லை.

மறுநாள் கோயில் மண்டபத்தில் தாரணியை உட்காரவைத்து வேலையைத் தொடங்கினேன். வழக்கமாக நேர் வகிடு எடுப்பேன். அன்று இடது பக்கம் கோண வகிடு எடுத்து, முடியை வலப்பக்கம் கொண்டுவந்து குத்திட்டு நின்றதன்மேல் படியவைத்தேன். அதற்குமேல் இரண்டு குட்டிப் பின்னைக் குத்தி மரிக்கொழுந்துச் சரத்தைச் சுற்றினேன். பிறகு முடியை மூன்று காலாகப் பிரித்தேன். நூல் சுற்றிய முடியை நடுக்காலோடு சேர்த்து, மேலே மூன்று பின்னல் விழும் வரைக்கும் கட்டைவிரலை எடுக்கவில்லை. எடுத்தால் நழுவும். பின்னி முடித்து மல்லிகைப் பூவை நாரால் தைத்தேன். தாரணி அன்று தலையை ஆட்டவே இல்லை. பயத்தில் உட்கார்ந்திருந்த குழந்தை அது.

மாமன் வந்தார். நெடுநெடு என்று வளர்ந்த மனிதர். வேட்டி சட்டை, தோளில் துண்டு. சீர்த்தட்டுகளை இறக்கிவைத்தார். மச்சானைக் கும்பிட்டார், பூசாரியிடம் பேசினார், தங்கை நின்ற பக்கம் திரும்பவில்லை. மல்லிகாவும் தூணைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர் இப்படி நிற்பதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

சம்மணம் போட்டு உட்கார்ந்த மாமன் தாரணியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "ஜடைய நான் அவுத்துர்றனுங்க" என்று நான் முன்னால் போனேன்.

"இருங்க அம்மிணி, நானே அவுக்கறேன். இத்தன நாளு இந்தப் புள்ளைய நான் தொட்டதே இல்ல" என்றார்.

அவர் பூவைப் பிய்க்காமல் நாரைத் தேடித் தேடி அறுத்தார். கீழே இருந்து ஒவ்வொரு பின்னலாகப் பிரித்துக்கொண்டு மேலே வந்தார். மேல் பின்னல் விலகியதும் நூல் சுற்றிய முடி நழுவி அவர் உள்ளங்கையில் விழுந்தது. அவர் அதைப் பார்த்தார். மரிக்கொழுந்தை விலக்கி, காதுக்குமேல் குத்திட்டு நின்ற முடியையும் பார்த்தார்.

"மொட்டை வேண்டாம்னு நாந்தானுங் மாமா வெட்டிப்போட்டேன். அம்மா இல்லீங்" என்றாள் தாரணி.

மல்லிகா தூணை விட்டுவிட்டு வந்தார். "அண்ணா, நாந்தான் மறைச்சுப்போட்டனுங்க. சொன்னா நீங்க வர மாட்டீங்களோன்னு பயந்துட்டேன். எந்திரிச்சுப் போயிராதீங்ணா. உங்களுக்காகத்தானுங் இந்த முடிய இத்தன வருசம் யாரையும் தொட உடாம வெச்சிருந்தேன்" என்றார். ஏழு வருடம் கழித்து அண்ணனிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது.

மாமன் நிமிர்ந்து தங்கையைப் பார்த்தார். அவருக்கு முகமெல்லாம் கோணிக்கொண்டு போயிற்று.

"ஏழு வருசம் எனக்காகக் காத்துட்டு இருந்திருக்கறே அம்மிணி. அன்னிக்கு அப்பன எடுக்கறப்ப நான் உனக்காக ஒரு பொழுது காத்துட்டு இருக்கலியே" என்றார்.

சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அத்தனை பெரிய மனிதர், மடியில் குழந்தையோடு, அடக்க முடியாமல் குலுங்கிக் குலுங்கி அழுதார். மல்லிகா அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டார். அங்கே இருந்தவர்களில் அழாதவர்கள் யாரும் இல்லை. நானும்தான்.

கொஞ்சம் ஆறிய பிறகு அவர் கையில் இருந்த முடியைப் பூசாரியிடம் நீட்டினார். "மொதப் பிடி என்ற கைக்கு வந்துருச்சுங்க. இதோட இன்னும் கொஞ்சம் பூமுடி எடுத்துச் சாமிக்குக் குடுத்தாப் போதுமுங்களா? புள்ளைக்கு மொட்டை வேண்டாமாமுங்க."

"தாய்மாமன் நீங்க சொன்னாச் செரிதானுங்க. பூமுடியும் முடிதானுங்க" என்றார் பூசாரி.

நுனியில் கொஞ்சம் எடுத்துத் தட்டில் வைத்தார்கள். ஆசாரி காது குத்தும்போது தாரணி ஊரைக் கூட்டினாள். அந்த அழுகை எனக்கு நிம்மதியாக இருந்தது. எல்லாம் முடிந்ததும் தலைவிரிகோலமாக இருந்த பிள்ளைக்குப் பின்னிவிட நான் சீப்பை எடுத்தேன். மல்லிகா சீப்பை வாங்கிக்கொண்டார். பிள்ளை மாமன் மடியை விட்டு இறங்க மாட்டேன் என்றதால் அங்கேயே வைத்து இரட்டைச் சடை போட ஆரம்பித்தார். ஒரு சடையைப் பின்னி முடித்தபோது ரிப்பன் கட்டக் கை போதவில்லை. நான் நகர்ந்து வருவதற்குள் மாமனே அந்த நுனியைப் பிடித்துக்கொண்டார்.

"இறுக்கிப் புடிங்ணா, அவுந்துரும்" என்றார் மல்லிகா.

"புடிச்சிருக்கறேன், நீ அந்தப் பக்கத்தைப் பின்னு" என்றார் அண்ணன்.